மூடிய கடையில் ஐம்பதாயிரம் பேர்

அத்தியாயம் 6

மூன்று மணிக்கு என் அண்ணி ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. முடிவு செய்தது அண்ணி இல்லை. அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் சேர்மன்.

சேர்மனின் கணக்கு சுலபமானது. அவருடைய ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் கொடுக்கிற ஆப் முதல் நாளே படுத்துவிட்டது. ஆப் வந்துவிட்ட தெம்பில் கவுண்டர்களையும் அன்றே மூடியிருந்தார்கள். டயாலிசிஸுக்கு வந்த ஒரு பெரியவர் டோக்கன் இல்லாமல் திரும்பிப் போனார். மறுநாள் மூச்சு முட்டியது. இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில் மெஷின் தயவில் மூச்சு விடுகிறார். அவருடைய மகள் மூன்று மணிக்கு வந்து, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்கப் போகிறாள். யாரையாவது காட்ட வேண்டுமே. ஆப்பைச் சோதித்து, தாங்கும் என்று சொன்னது அண்ணி. அண்ணியைக் காட்டிவிட்டால் தீர்ந்தது. மன்னிப்புக் கேட்டால் வேலை மட்டும் போகும். கேட்காவிட்டால் போலீஸ் புகார்.

இது போதாதென்று, வெளி ஆளை வைத்தே விசாரித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்வதற்காகக் காலையில் ஒரு துப்பறிகிறவரையும் வரவழைத்திருந்தார். அவர்தான் எங்கள் மேடம். முன்னாள் போலீஸ். குள்ளம், கனத்த கண்ணாடி, தோளில் எப்போதும் ஒரு பெரிய கைப்பை. போலீஸ் வேலையை அவர் விட்டாரா, அவருடைய கோபத்தைத் தாங்காமல் போலீஸ் அவரை விட்டதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. நான் அவருடைய உதவியாள். என் வாய்க்காகத்தான் என்னை வேலைக்கு வைத்ததாகச் சொல்வார். அதே வாய்க்காக மாதம் ஒரு முறை வேலையை விட்டும் நீக்குவார்.

நான் அந்த அண்ணியின் கொழுந்தன் என்பது சேர்மனுக்குத் தெரியாது. லிஃப்ட்டிலேயே மேடம் எச்சரித்துவிட்டார்.

"உள்ள போனா நீ யாரோ, அவங்க யாரோ. அண்ணின்னு ஒரு வார்த்தை வந்துச்சு, உன்னை அங்கயே விட்டுட்டு வந்துடுவேன்."

"நான் என்ன குடையா மேடம், மறந்து வச்சுட்டு வர்றதுக்கு?"

"குடைக்கு வாய் கிடையாது."

மீட்டிங் ரூமில் ஏசி எலும்பு வரைக்கும் போனது. நீள மேசையின் தலைமாட்டில் சேர்மன். அவருக்கு வலப்பக்கம் டெக்னிக்கல் ஹெட். திரையில் ஒரு கட்டம் பச்சையாக இல்லாவிட்டாலும் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது என்பதால் ஆபீஸே அவரைப் பச்சை என்றுதான் சொல்லும். எதிரே சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர். வாயைத் திறக்கவே மாட்டார், எனவே அவர் பெயர் மௌனம். மேசையின் கடைசியில், கதவோரமாக, இப்போதே வெளியே தள்ள வசதியான இடத்தில் அண்ணியை உட்கார வைத்திருந்தார்கள்.

அண்ணி என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு தரம் எழுந்து போய்ப் பார்க்கிற ஒரே ஆள் எங்கள் வீட்டில் அண்ணிதான். அவரைப் பொறுப்பில்லாதவர் என்று சொல்லிக்கொண்டு மூன்று பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

லோட் டெஸ்ட் என்றால் என்னவென்று எனக்கே அண்ணி சொல்லித்தான் தெரியும். புதுப் பாலத்தைத் திறப்பதற்கு முன்னால் மணல் லாரிகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. ஆப்பைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பெருங்கூட்டத்தை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவு கூட்டத்துக்கு எங்கே போவது? அதற்கென்று கிளவுட் கம்பெனிகள் இருக்கின்றன. எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். அவை ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான நோயாளிகளாக வேஷம் போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கும். ஆப் தாங்குகிறதா, திணறுகிறதா என்று திரையில் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் கூட்டத்தைக் கலைத்துவிடலாம். சொந்தமாக ஒரு மெஷின்கூட வாங்க வேண்டாம்.

அந்தச் சோதனையின் படத்தைத்தான் பச்சை சுவர்த் திரையில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கோடுகள். ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. கீழே ஒரு பெரிய பச்சைக் கட்டம். ஐம்பதாயிரம் பேர் வந்தாலும் தாங்கும் என்று இந்தப் படத்தை வைத்துத்தான் இவர் சொன்னார், இவர் சொன்னதை நம்பித்தான் நாங்கள் தேதி குறித்தோம் என்று அண்ணியின் பக்கம் பேனாவை நீட்டி நீட்டிச் சொன்னார். அண்ணியின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் முகத்தில் ஒரு வருத்தம் வேறு. அந்த வருத்தத்தைப் பார்க்கத்தான் எனக்குச் சகிக்கவில்லை.

மேடம் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இந்த ஏறுற கோடு என்ன?"

"கூட்டம், மேடம். நூறு பேர்ல ஆரம்பிச்சு ஐம்பதாயிரம் வரைக்கும்."

"இறங்குறது?"

"ஒரு ஆளுக்குப் பதில் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகுதுங்கறது. கீழ போனா வேகம்னு அர்த்தம். நல்லது."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ நேரம் சரியில்லை.

"நான் எத்தனையோ கவுண்டர்ல கால் கடுக்க நின்னிருக்கேன். பேங்க், ரயில்வே, ஆஸ்பத்திரி. கூட்டம் சேரச் சேர வரிசை வேகமா நகர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு கவுண்டர்லதான் அப்படி நகரும்."

"எந்தக் கவுண்டர்?" என்றார் சேர்மன்.

"'இல்ல, போ'ன்னு சொல்ற கவுண்டர்."

மௌனம் மட்டும் முதல் முறையாகத் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார்.

மேடம் தனக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாசாரம் ஒன்றும் புரியாது என்றும், புரிய வைக்க யாரும் சிரமப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, ஒரே ஒரு உதவி கேட்டார். சோதனைக்கென்று ஒரு மாதிரி ஆப் இருக்கிறதே, அதன் சர்வரை இப்போது அணைத்துவிட வேண்டும். அணைத்துவிட்டு அதே சோதனையை, அதே ஐம்பதாயிரம் பேரை வைத்து ஓட்ட வேண்டும்.

"அணைச்சுட்டு எதை டெஸ்ட் பண்றது?" என்று பச்சை சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கிளவுட் வாடகைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், இன்றைக்கு முடியாது என்றார். சேர்மனுக்கு எப்படியாவது இந்தப் பேச்சு முடிந்தால் போதும். நானே அனுமதி தருகிறேன், ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மௌனம் தன் லேப்டாப்பில் இரண்டு மூன்று தட்டு தட்டினார். சர்வர் அணைந்துவிட்டது என்று தலையை ஆட்டினார். மேடமே போனில் அந்த மாதிரி ஆப்பைத் திறந்து டோக்கன் கேட்டுப் பார்த்தார். 'மன்னிக்கவும், சற்று நேரம் கழித்து முயற்சிக்கவும்' என்று வந்தது. கடை மூடிவிட்டது. அப்புறம் கூட்டத்தை விட்டார்கள்.

திரையில் எண்கள் ஏறின. ஆயிரம், ஐயாயிரம், இருபதாயிரம். ஒரு கோடு ஏறியது, ஒரு கோடு கீழேயே படுத்துக் கிடந்தது. கடைசியில் ஐம்பதாயிரம். கீழே அதே பெரிய கட்டம், அதே பச்சை. அத்தனை பேரும் தேறிவிட்டார்கள்.

"மூடின கடையில ஐம்பதாயிரம் பேர் சாமான் வாங்கிட்டாங்க" என்றேன் நான். "மேடம், நம்ம ஆபீஸுக்கும் இதே டெஸ்டை ஓட்டினா நாமளும் பணக்காரங்கதான்."

மேடம் என்னை முறைக்கவில்லை. முறைக்க வேண்டிய ஆட்கள் வேறு இருந்தார்கள்.

என்ன நடந்தது என்பதை அண்ணிதான் சொன்னார். சொல் ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது. ஆப்புக்கு முன்னால் ஒரு காவல் புரோகிராம் இருக்கிறது. அளவுக்கு மீறிக் கூட்டம் வந்தால் யாரோ தாக்க வருகிறார்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அந்த 'மன்னிக்கவும்' பக்கத்தை நீட்டும். உள்ளே சர்வர் செத்துக் கிடந்தாலும் அதையேதான் நீட்டும். அது சின்னப் பக்கம், சட்டென்று போய்விடும். டெஸ்ட் கருவிக்கோ என்ன பக்கம் வந்தது என்று படிக்கத் தெரியாது. ஏதோ ஒரு பக்கம் வந்தால் போதும், வெற்றி என்று எண்ணிக்கொள்ளும். அதனால்தான் அண்ணி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வந்த பக்கத்தில் டோக்கன் நம்பர் இருந்தால் மட்டுமே வெற்றி. அந்த நிபந்தனையோடு ஓட்டியபோது எட்டாயிரம் பேரிலேயே திரை சிவந்துவிட்டது. அதை அப்போதே பச்சையிடம் சொல்லவும் செய்தார்.

"அப்புறம் சர்வர் எண்ணிக்கையைக் கூட்டியாச்சு, திரும்ப ஓட்டுங்கன்னு சார் சொன்னாரு. ஓட்டினேன். எல்லாம் பச்சை. சர்வர் கூட்டினதாலதான் வேகம்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன். நான் போட்ட நிபந்தனை அதுல இருக்கான்னு திறந்து பார்க்கல. இப்ப பார்க்கிறேன், இல்ல. யாரோ எடுத்திருக்காங்க."

பச்சை தயாராக இருந்தார். சோதனையை எழுதியது இவர், கருவியின் லாகின் இவர் பெயரில் இருக்கிறது, எடுத்தாலும் இவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்றார். வேண்டுமானால் கருவியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா மாற்றமும் இவர் பெயரில்தான் பதிவாகியிருக்கும் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நிரபராதி என்று காட்ட வந்த சோதனை அண்ணியின் கழுத்திலேயே விழுந்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லுங்க அண்ணி, ஏன் பேசாம இருக்கீங்க?" என்று கத்திவிட்டேன்.

அறையில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"அண்ணியா?" என்றார் சேர்மன்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. சொந்தக்காரனை வைத்து விசாரணை நடத்தியதற்காக மேடத்தின் லைசென்ஸ், யோக்கியதை எல்லாவற்றையும் சேர்மன் ஒரு பிடி பிடித்தார். விசாரணை முடிந்தது, மூன்று மணிக்கு மன்னிப்பு நடக்கும் என்றார். மேடம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஆமா, கொழுந்தன்தான். அதுக்காக மூடின கடை திறந்துடுமா சார்? உங்க திரை இன்னும் பச்சையாத்தான் இருக்கு, பாருங்க."

மாடிப்படியில் வந்து நின்றோம். அண்ணியும் பின்னாலேயே வந்தார். என்னை மேடம் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டாமல் விட்டது இன்னும் பயமாக இருந்தது.

அண்ணிக்குப் போன் வந்தது. என் அண்ணன். படியில் எதிரொலித்ததால் எல்லாமே காதில் விழுந்தது. மன்னிப்புதானே, கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடு, போலீஸ் கேஸ் என்றால் குழந்தை ஸ்கூலில் என்ன சொல்லும், வேலை வேறு தேடிக்கொள்ளலாம் என்றான். அண்ணி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"நான் பண்ணாததுக்கு நான் மன்னிப்புக் கேட்டா, பண்ணினவன் அடுத்த ஆப்புக்கும் இதேதான் பண்ணுவான். அதுல யாரு படுப்பான்னு தெரியாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அண்ணனை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. சொந்த அண்ணன் வேறு.

மேடம் லாகின் விஷயத்தைக் கேட்டார். அண்ணி சொன்னதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் கிளவுட் கருவிக்கு ஆள் கணக்கில் கட்டணம். எத்தனை பேர் உள்ளே வரலாமோ அத்தனை பேருக்குக் காசு. சிக்கனம் என்று சொல்லி கம்பெனி ஒரே ஒரு ஆளுக்கு வாங்கியது. முதலில் கணக்கைத் திறந்தது அண்ணி, எனவே பெயர் அண்ணியுடையது. அதே பெயரில், அதே பாஸ்வேர்டில் அண்ணி, பச்சை, மௌனம் மூன்று பேரும் உள்ளே போய் வந்தார்கள். யார் எதைத் தொட்டாலும் கருவிக்கு அது அண்ணிதான். ஊரெல்லாம் ஆஸ்பத்திரி கட்டுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு பேருக்கு லாகின் வாங்க மனசு வரவில்லை.

"அப்ப கம்ப்யூட்டரைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல" என்றார் மேடம். "எதைக் கேட்டாலும் உங்க பேரைத்தான் சொல்லும். சரி, அதை விடுங்க. அந்தப் பச்சை பொய்யின்னு ஒருத்தனுக்கு மட்டும் முன்னாடியே தெரியும். தெரிஞ்சவன் என்ன பண்ணுவான்?"

"ராத்திரி தூங்க மாட்டான்" என்றேன்.

"நீ ரொம்ப நல்லவன்டா. அவன் நல்லாத் தூங்குவான். தன் வீட்டு ஆளை மட்டும் அந்த ஆப் பக்கம் விட மாட்டான்."

ஊழியர்களின் குடும்பத்துக்கு அந்த ஆஸ்பத்திரிகளில்தான் வைத்தியம். மூன்று பேரில் யார் வீட்டில் அங்கே போகிற நோயாளி இருக்கிறார் என்று மேடம் கேட்டார். எங்கள் வீட்டில் யாரும் இல்லை. மௌனம் தனி ஆள். அண்ணி யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சாரோட மாமியார். டயாலிசிஸ்தான். வாரத்துக்கு மூணு தரம்."

பச்சையின் வீடு ஆபீஸுக்குப் பின்தெருவில், ஒரு அடுக்குமாடியின் இரண்டாம் தளம். கதவைத் திறந்தது அந்த மாமியாரேதான். ஒல்லியான உடம்பு, தலை நரைத்திருந்தது, முகத்தில் சோர்வு இருந்தாலும் சிரிப்பு வந்துவிட்டது. இடது முன்கையில் நரம்பு புடைத்துத் தடிப்பாக இருந்தது. டயாலிசிஸ் ஊசி போடுகிற இடம். கதவைத் திறக்கும்போதும் அந்தக் கையை மட்டும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

ஆப் முதல் நாள் சரியாக வேலை செய்யவில்லையாம், நோயாளிகளிடம் விசாரித்துக்கொண்டு வருகிறோம் என்று மேடம் சொன்னார். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அந்த அம்மாள் உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். தனக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று மேசையில் இருந்த அரை பாட்டிலைக் காட்டி, நீங்களாவது வயிறு நிறையக் குடியுங்கள் என்றார். நான் டம்ளரை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

"உங்களுக்கு அன்னிக்கு டோக்கன் கிடைச்சுதாம்மா?" என்றார் மேடம்.

"எனக்கு எதுக்கும்மா டோக்கன்? மாப்பிள்ளை முந்தின நாள் சாயங்காலமே வந்து கூட்டிட்டுப் போயிட்டாரே. எனக்கு நாளைக்குத்தானே முறைன்னேன். நாளைக்கு அந்தப் பக்கமே போக முடியாது அத்தை, இன்னிக்கே முடிச்சுடலாம்னாரு. அங்க நர்ஸ் அம்மா முடியாதுன்னு சொல்றாங்க, இவரு விடல. கையைப் பிடிக்காத குறையா கெஞ்சி, என்னை உட்கார வச்சுட்டுத்தான் நகர்ந்தாரு." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. "பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்க்காதும்மா."

மேடம் அந்த அம்மாளின் வலது கையைத் தொட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார். படியிறங்கினோம். மேடம்தான் கேட்டார், என்னடா வாய் எங்கே போச்சு என்று. அந்த அம்மாள் மாப்பிள்ளையைப் புகழ்ந்து புகழ்ந்தே அவனை மாட்டிவிட்டுவிட்டார், அது அவருக்குத் தெரியும்போது எப்படி இருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறுகிறது என்றேன். அவனுக்கு இனி மரியாதை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் இதற்கு மேல் அவன்தான்.

மூன்று மணிக்கு மீட்டிங் ரூம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. சேர்மன் எங்களை உள்ளே விட மறுத்தார். ஆனால் அந்தப் பெண்ணும் சரியாக அப்போதுதான் வந்தாள். அவளுக்கு எதிரே சண்டை போட முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வழிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலேயே நாள் கணக்கில் கிடந்த முகம் அவளுக்கு. தலை சரியாக வாரவில்லை. கையில் போன், அதன் திரையில் விரிசல். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

சேர்மன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நடந்தது பெரிய துரதிர்ஷ்டம், எங்கள் சோதனைப் பிரிவில் ஒருவர் செய்த கவனக்குறைவு என்று சொல்லி அண்ணியின் பக்கம் கையைக் கொண்டுபோனார். கை முழுதாக நீளும் முன்னால் மேடம் பேசினார். சேர்மனிடம் இல்லை. பச்சையிடம்.

"சார், ஆப் திறந்த அன்னிக்கு உங்க மாமியார் எத்தனை மணிக்கு டயாலிசிஸ் போனாங்க?"

அவன் முகம் வெளுத்துப்போனது. "அது எதுக்கு இப்ப..."

"சொல்லுங்க. சும்மாதான் கேட்கிறேன்."

"அன்னிக்குப் போகல."

"அப்ப எப்பப் போனாங்க?"

மேடம் குரலை உயர்த்தவே இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன், நான் சொன்னால் உங்கள் மாமியார் வாயால் வந்ததை அப்படியே சொல்வேன் என்றார். மாமியார் என்றதும் அவன் தோள் இறங்கிவிட்டது.

"முந்தின நாள் சாயங்காலம்."

"யாரு கூட்டிட்டுப் போனது?"

"நான்தான்."

"ஐம்பதாயிரம் பேர் தாங்கும்னு நீங்க படம் காட்டின ஆப் சார் அது. ஒரு ஆளை, உங்க வீட்டு ஆளை, அது தாங்காதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? அந்த நிபந்தனையை எடுத்தது யாரு?"

மௌனம் பேசினார். அந்த ஆபீஸில் அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும். சர்வர் கூட்டச் சொல்லி என்னிடம் யாரும் சொல்லவேயில்லை, நான் கூட்டவும் இல்லை என்றார்.

அவ்வளவுதான், பச்சை உடைந்துவிட்டான். உடைந்தவன் அழுவான் என்று நினைத்தேன். அவன் சேர்மன் பக்கம் திரும்பிக் குரைத்தான். தேதியை மேடையில் அறிவித்துவிட்டு வந்தது நீங்கள், சிவப்பு என்று நான் வந்து சொன்னபோது எனக்குச் சிவப்பைக் காட்டாதே, பச்சையோடு வா என்று அனுப்பியது நீங்கள் என்றான். ஆமாம், நான்தான் எடுத்தேன், ஒரு வாரம் கழித்துச் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன், முதல் நாளே இவ்வளவு கூட்டம் வரும் என்று யார் கண்டது என்றான்.

"கவுண்டரை மூடினா கூட்டம் வேற எங்க போகும்?" என்றார் அண்ணி.

சேர்மன் பெரிய வியாபாரி. நொடியில் சரக்கை மாற்றிவிட்டார். பொய்யான பச்சையைக் காட்டு என்று நான் எப்போதும் சொன்னதில்லை, இந்த மனிதரை இப்போதே வேலையிலிருந்து நீக்குகிறேன் என்றார். அண்ணியைப் பார்த்து, உங்கள் நேர்மையைக் கம்பெனி மறக்காது, நாளையிலிருந்து அவருடைய இடத்தில் நீங்கள்தான் என்றார். கை அப்படியே அண்ணியிடமிருந்து பச்சையிடம் நகர்ந்து, அந்தப் பெண் பார்ப்பதற்கு வசதியாக நின்றது. இவ்வளவு லாவகமாகக் கை நகர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. மேடம் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

அண்ணி எழுந்து நின்றார். "அந்த இடம் எனக்கு வேண்டாம் சார். அந்தத் திரையை நம்பித் திறந்து பார்க்காம விட்டது என் தப்பு. அதை நான் இவங்ககிட்ட சொல்றேன். மத்ததை நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க." அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்று, அதை அவளிடம் சொல்லவும் செய்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தப் பெண் அண்ணியை ஒரு கணம் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு போனைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"அப்பா அன்னிக்குக் காலையில எழுந்ததும், எப்பவும் போல நேர்ல போய் உட்கார்ந்துக்கலாம்மான்னு சொன்னாரு. நான்தான் திட்டினேன். இப்பல்லாம் அப்படி இல்லப்பா, எல்லாம் போன்லதான், பேசாம உட்காருங்கன்னேன். அந்தப் பட்டனை அமுக்கிட்டே இருந்தேன். மன்னிக்கவும், மன்னிக்கவும்னே வந்துச்சு. அப்புறம் நேர்ல போனோம். டோக்கன் இல்லாம உள்ள விட மாட்டோம்னு அனுப்பிட்டாங்க. வர்ற வழியில அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நான் திட்டினதுக்குத்தான்னு நினைச்சுட்டு இருக்கேன் இன்னும்."

அவள் போனைக் கைக்குள் மூடிக்கொண்டு பச்சையிடம் போய் நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவன்கூட அதற்குத் தயாரானது போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உங்க மாமியார் இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். சேர்மனைப் பார்த்தான். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, காதில் விழுந்தும் விழாமலும் சொன்னான்.

"நல்லா இருக்காங்க."